மூடியவன்தான் கொன்றவனா? ஆற்றங்கரையில் இரண்டு உடல்கள்

கேள்வி – ஜூன் 4, காலை

1963 புத்தாண்டு அன்று சிட்னியில், லேன் கோவ் ஆற்றங்கரையில் கிடந்த போகிள், சாண்ட்லர் உடல்களைப் பற்றிப் படித்தேன். இருவர் மீதும் காயம் இல்லை. நஞ்சும் அகப்படவில்லை. ஆனால் இரண்டு உடல்களையும் யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். செத்தவர்கள் தங்களைத் தாங்களே மூடிக்கொள்ள முடியாது. அப்படியானால் மூடியவன்தான் கொன்றவன். இதில் அறுபது வருடமாக என்ன குழப்பம்?

ஜூன் 4, மதியம்

குழப்பம் உங்களுடைய 'அப்படியானால்' என்ற சொல்லில் இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கில்பர்ட் போகிள் நியூசிலாந்தில் பிறந்த இயற்பியலாளர், ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மார்கரெட் சாண்ட்லர் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த இன்னொருவரின் மனைவி. சாட்ஸ்வுட்டில் நடந்த புத்தாண்டு விருந்திலிருந்து அதிகாலை நாலு மணி வாக்கில் இருவரும் கிளம்பினார்கள். காலையில் ஆற்றங்கரையில் பிணமாகக் கிடந்தார்கள். உடைகள் பாதி கலைந்திருந்தன. அருகில் வாந்தி, மலம். இரண்டு உடல்களும் அட்டையால் மூடப்பட்டிருந்தன. விசாரணை முடிவில் சொல்லப்பட்ட காரணம் 'திடீர் ரத்த ஓட்டச் செயலிழப்பு'. அதாவது, இதயம் நின்றதால் இறந்தார்கள். எல்லோரும் அப்படித்தான் இறக்கிறார்கள்.

மூடியவர் ஒருவர் இருந்தார் என்பது உறுதி. அவர் உயிரோடு இருந்தவர்களைப் பார்த்தாரா, செத்தவர்களைப் பார்த்தாரா என்பதை அட்டை சொல்லாது. அரைகுறை உடையில் கிடக்கும் இரண்டு பேரை ஒருவர் வந்து பார்க்கிறார், கூச்சத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போர்த்துகிறார், வம்பு வேண்டாம் என்று போய்விடுகிறார். இதற்குக் கொலைகாரன் தேவையில்லை. விடியற்காலையில் நாய்களை நடத்திக்கொண்டு வந்த ஒருவர்தான் அப்படிச் செய்தார் என்று 2006இல் வந்த ஓர் ஆவணப்படம் சொன்னது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் சொல்வது, அது நடக்கக்கூடிய காரியம் என்பது மட்டும்தான்.

ஜூன் 4, இரவு

திருத்தம். இரண்டு உடல்களும் அட்டையால் மூடப்பட்டிருந்தன என்று எழுதியது தவறு. அட்டை, அதாவது பிரித்துப் போட்ட பீர் பெட்டி, சாண்ட்லர் மீது இருந்தது. போகிள் மீது இருந்தவை அவருடைய உடைகளும் ஒரு கம்பளத் துண்டும். இதைத் தனியாக வந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு இந்த வழக்கு பல வருடமாகத் தெரியும், இருந்தும் 'இரண்டு உடல்' என்றவுடன் கை தானாக இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இந்த வியாதி எனக்கு மட்டும் உள்ளதல்ல. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 5

எழுதுகிறேன் என்றேன் அல்லவா.

நான் பதினோரு வருடம் ஒரு நச்சியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். விசரா, அதாவது இறந்தவரின் உள்ளுறுப்புகள், அடைத்த ஜாடிகளைத் திறப்பது, வடிப்பது, கருவியில் ஏற்றுவது, அறிக்கை எழுதுவது. உடலை நான் பார்த்ததில்லை. ஜாடியையும் அதன் மேல் ஒட்டிய சீட்டையும்தான் பார்ப்பேன்.

ஒரு முறை ஒரே வீட்டில் இறந்த இருவரின் ஜாடிகள் ஒரே பெட்டியில் வந்தன. ஒருவர் நடுத்தர வயது, மற்றவர் முதியவர். இருவரின் இரைப்பையிலும் ஒரே பூச்சிக்கொல்லி. முதியவருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. உடனே கதை தயார். ஒருவர் மற்றவருக்குக் கொடுத்துவிட்டுத் தானும் குடித்துவிட்டார். முதியவர் முழுவதும் குடிக்கவில்லை, அதனால் அளவு குறைவு. பார்த்தீர்களா, அளவு குறைந்ததற்குக்கூடக் கதையில் இடம் கிடைத்துவிட்டது. கூடியிருந்தாலும் கிடைத்திருக்கும்.

ஜாடியில் ஊற்றும் உப்புக் கரைசலில் ஏதாவது கலந்திருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்தக் கரைசலை மட்டும் தனியாக ஒரு குப்பியில் அனுப்புவார்கள். அதையும் பரிசோதித்தோம். சுத்தம். எனவே சந்தேகமே இல்லை என்று தோன்றியது.

பிரிவில் இருந்த ஒரு மூத்தவர் மட்டும் "ரத்தம் என்ன சொல்லுது?" என்று கேட்டார். அந்த வகைப் பூச்சிக்கொல்லி உடலுக்குள் போனால் ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அடங்கிப்போகும். நடுத்தர வயதுக்காரருக்கு அடங்கியிருந்தது. முதியவருக்கு வழக்கமான அளவில் இருந்தது. ரத்தத்தில் நஞ்சும் இல்லை. அவருடைய இரைப்பைக்கு அது எப்படி வந்தது? முதல் உடலில் பயன்படுத்திய கரண்டியை அலசாமல் இரண்டாவதிலும் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதியவர் இறந்தது இதய நோயால். யார் முதலில் போனார், யார் அதைக் கண்டு என்ன செய்தார் என்று கதை தலைகீழானது.

இரண்டு ஜாடிகள் ஒத்துப்போனதை நாங்கள் இரண்டு சாட்சிகள் என்று எண்ணினோம். உண்மையில் ஒரே கரண்டி இரண்டு முறை பேசியிருக்கிறது.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

இல்லை, அந்த ஆய்வகம் எது என்று சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டாம்.

ஜூன் 8

'நஞ்சு அகப்படவில்லை என்றால் நஞ்சு இல்லை என்றுதானே பொருள்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இல்லை. 'தேடியவற்றில், எங்கள் முறைக்கு எட்டிய அளவில், எதுவும் கிடைக்கவில்லை' என்றுதான் பொருள். 1963இல் எத்தனை பொருள்களுக்குச் சோதனை முறை இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் போன்ற ஒன்று மைக்ரோகிராம் அளவில் வேலை செய்வது. அன்றைய முறைகளில் அது உடலில் சிக்குவது பெரிய காரியம். அதனால்தான் எல்.எஸ்.டி.தான் இருவரையும் கொன்றது என்ற ஊகம் அவ்வளவு காலம் தாங்கியது. பிடிபடாத பொருளைச் சந்தேகிப்பதில் ஒரு வசதி உண்டு, யாரும் மறுக்க முடியாது. உளவாளிக் கதைகளும் இப்படித்தான் கிளம்பின. போகிள் அமெரிக்காவில் வேலைக்குப் போகவிருந்தார், விஞ்ஞானி, அது பனிப்போர்க் காலம், வேறென்ன வேண்டும்?

அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது, அந்தச் சொல்லை வெளியே எல்லோரும் 'இல்லை' என்றுதான் படிக்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். வேறு சொல்லும் இல்லை.

ஜூன் 9

இப்போது வாயு. அந்த ஆவணப்படம் முன்வைத்த விளக்கம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கழிவு சேர்ந்த ஆற்றடிச் சேற்றில் உருவான வாயு மேலே வந்து, பள்ளமான கரையில் தேங்கி, இருவரையும் வீழ்த்தியது என்கிறார்கள். உடலில் காணப்பட்ட ஊதா நிறத்தை அதற்குச் சான்றாகக் காட்டினார்கள்.

எனக்கு இது மிகவும் பிடித்த விளக்கம். அது காற்றைவிடக் கனமான வாயு, தாழ்வான இடத்தில் தங்கும். காற்றில் மிகச் சொற்பமாக இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது, ஆபத்து போய்விட்டது என்று தோன்றும். ஐந்நூறைத் தாண்டி ஆயிரத்தை நெருங்கினால் சில மூச்சுகளில் ஆள் விழுந்துவிடுவார். சயனைடு எங்கே அடிக்கிறதோ அங்கேதான் இதுவும் அடிக்கிறது. செல்லுக்குள் ஆக்சிஜன் வந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் போகும்.

இரட்டை மரணங்களுக்கு இது பேர்போனது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் விழுவார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். மேலே நின்று பார்ப்பவருக்கு இரண்டு பிணங்கள், காயமில்லை, காரணமில்லை. இரண்டாவது மரணத்துக்குக் காரணம் வாயு மட்டும் அல்ல, முதல் மரணமும்தான்.

ஆக, ஆற்றங்கரைப் புதிர் அவிழ்ந்தது என்பது என் கருத்து. இருவருக்கும் ஒரே அறிகுறி, ஒரே இடம், ஒரே நேரம், காயமில்லை, நஞ்சு சிக்கவில்லை. எல்லாம் பொருந்துகிறது.

ஜூன் 10

நேற்று எழுதியதை இன்று படித்தேன். 'எல்லாம் பொருந்துகிறது.' கரண்டிக் கதையை எழுதி ஐந்து நாள்தான் ஆகிறது!

பொருந்தாதவற்றையும் எழுதுகிறேன். முதலாவது, அது திறந்தவெளி. மூடிய தொட்டியில் வாயு தேங்குவதும் ஆற்றங்கரையில் தேங்குவதும் ஒன்றல்ல. காற்று அசையாத விடியல், பள்ளம், கனமான வாயு, எல்லாம் சேர்ந்தால் முடியும். ஆனால் எல்லாம் சேர வேண்டும். இரண்டாவது, வாந்தியும் மலமும். சட்டென்று வீழ்த்தும் அளவில் வாயு இருந்தால் அவற்றுக்கு நேரமிருக்காது. குறைந்த அளவில் நீண்ட நேரம் இருந்தால் குமட்டல் வரும், ஆனால் அப்போது எழுந்து போக வழியுண்டு. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் அளவு வேண்டும். மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது, அந்த நிறம். உடல் அழுகும்போது சல்ஃபைடு தானாகவே உருவாகும். கோடைக்காலத்தில் கிடந்த உடலில் நிறம் மாறியிருந்தால், அதை உண்டாக்கியது வெளியிலிருந்து வந்த வாயுவா, உள்ளேயே பிறந்ததா என்று நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இன்றைக்கு என்றால் தயோசல்ஃபேட்டை, அதாவது சுவாசித்த சல்ஃபைடை உயிருள்ள உடல் மாற்றி உண்டாக்கும் பொருளை, அளந்து பார்ப்பார்கள்.

எனவே, என் கருத்து இப்போது: வாயு விளக்கம் மற்றவற்றைவிட நல்லது. 'அவிழ்ந்தது' என்பதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 10, இரவு

'விஞ்ஞானி பின்வாங்கிவிட்டார்' என்று கேலி செய்தவருக்கு: நான் விஞ்ஞானி இல்லை, ஜாடி கழுவியவன். பின்வாங்கியது உண்மை.

ஜூன் 14

இருவரில் யார் முதலில் இறந்தார் என்று உடல் வெப்பத்தை வைத்துச் சொல்லியிருக்கலாமே என்று ஒரு கேள்வி.

சொல்ல முடியாது. மலக்குடல் வெப்பம், சுற்றுப்புற வெப்பம், உடல் எடை மூன்றையும் வைத்துக் கணக்கிடும் ஹென்ஸ்கே வரைபடம் பின்னால் வந்தது. அதுவே மிக நல்ல சூழலில் முன்னே பின்னே 2.8 மணி நேரம் என்றுதான் சொல்கிறது. இங்கே மொத்த அவகாசமே அதிகாலை நாலு மணி முதல் காலை எட்டு மணி வரை. பிழையின் அகலம் அவகாசத்தின் அகலத்தைவிடப் பெரியது. போதாததற்கு ஓர் உடல் மேல் அட்டை, மற்றதன் மேல் துணியும் கம்பளமும். போர்வை மாறினால் ஆறும் வேகம் மாறும். மூடிய புண்ணியவான் மரியாதைக்காகத்தான் செய்திருப்பார், ஆனால் இரண்டு கடிகாரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுப் போய்விட்டார்.

மருத்துவர் கையை விரித்தாலும் சட்டம் விரிக்காது. வாரிசுரிமைக்கு யார் முதலில் போனார் என்பது தெரிந்தாக வேண்டுமே. இங்கிலாந்தின் 1925ஆம் ஆண்டு சொத்துச் சட்டமும் இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் ஒரே வழியைப் பிடித்தன. தெரியாவிட்டால் இளையவர் பிழைத்திருந்தார் என்று வைத்துக்கொள். பிணவறை வேண்டாம், பிறப்புச் சான்றிதழ் போதும்.

ஜூன் 15

'ஒரு மரணம் தற்செயல், இரண்டு மரணம் தற்செயல் ஆகாது.' ஒருவர் இதை முடிந்த முடிவாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே வாக்கியத்தை நம்பி ஒரு பெண்ணைச் சிறையில் அடைத்தார்கள்.

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞர். அவருடைய முதல் குழந்தை 1996 டிசம்பரில் இறந்தது. இரண்டாவது 1998 ஜனவரியில். இரண்டும் சில வாரக் குழந்தைகள். 1999 நவம்பரில் அவர் இரண்டு கொலைகளுக்குக் குற்றவாளி என்று தீர்ப்பானது. விசாரணையில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ராய் மெடோ ஓர் எண்ணைச் சொன்னார். அவர்களைப் போன்ற வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறக்கும் வாய்ப்பு 8,543இல் ஒன்று. இரண்டு குழந்தைகள் என்றால் அதை அதாலேயே பெருக்கு. சுமார் 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று.

பெருக்கலில் தவறு இல்லை. பெருக்கியதுதான் தவறு. ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே வீடு. முதல் குழந்தையைக் கொன்றது ஏதோ ஒரு மரபுக் குறை என்றால் அது இரண்டாவதிலும் இருக்கலாம். நாணயத்தை இரண்டு முறை சுண்டுவது போல இரண்டு மரணங்களைக் கணக்கிட முடியாது. 2001இல் ராயல் புள்ளியியல் சங்கமே வெளிப்படையாக இதைக் கண்டித்தது. இன்னொன்றும் உண்டு. இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறப்பது அபூர்வம், சரி. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளைக் கொல்வது மட்டும் அன்றாடம் நடப்பதா? அபூர்வத்தை அபூர்வத்தோடு ஒப்பிட வேண்டும், யாரும் ஒப்பிடவில்லை.

எனக்கு எண்ணைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. முதல் குழந்தை இறந்தபோது பிரேதப் பரிசோதனை செய்தவர் சுவாசப் பாதைத் தொற்று என்று எழுதியிருந்தார். இரண்டாவது குழந்தை இறந்த பிறகு அவரே அந்தக் கருத்தை மாற்றினார். முதல் குழந்தையின் உடலில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. பக்கத்தில் இன்னொரு உடல் வந்து படுத்தது, அவ்வளவுதான். பிறகு அந்த மாறிய கருத்து இரண்டாவது மரணத்துக்குச் சான்றாகத் திரும்பியது. இரண்டாவதை வைத்து முதலாவதைச் சந்தேகித்து, முதலாவதை வைத்து இரண்டாவதை உறுதிசெய்வது. வட்டம் முடிந்தது.

இரண்டாவது குழந்தையின் உடலில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி பல இடங்களில் இருந்ததைக் காட்டிய சோதனை முடிவு சாலி கிளார்க்கின் தரப்புக்குக் கொடுக்கப்படவே இல்லை. 2003 ஜனவரியில் தண்டனை ரத்தானது. 2007இல் சாலி கிளார்க் இறந்தார். மூன்று வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தவர், அதிலிருந்து அவர் மீளவில்லை.

ஜூன் 16

எதிர்வாதம் வந்திருக்கிறது, நியாயமானதுதான். 'அப்படியானால் 1915 குளியல் தொட்டி வழக்கு?' ஜார்ஜ் ஜோசப் ஸ்மித்தின் மூன்று மனைவிகள் மூன்று வீடுகளில் தொட்டியில் மூழ்கி இறந்தார்கள். அங்கே திரும்பத் திரும்ப நடந்ததுதானே அவனைத் தூக்கு மேடைக்கு அனுப்பியது?

ஆமாம். அங்கே மூன்று பெண்களுக்கும் பொதுவாக மரபு இல்லை, வீடு இல்லை, நோய் இல்லை. பொதுவாக இருந்தது ஸ்மித் மட்டும்தான். அதோடு ஒவ்வொரு மரணத்துக்கும் முன்னால் உயில் அல்லது காப்பீடு. எண்ணிக்கை தனியாக நிற்கவில்லை, காகிதம் கூட நின்றது. சாலி கிளார்க் வழக்கில் எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிக்க எண்ணிக்கையைத்தான் வைத்தார்கள்.

சரி, அதனால் நான் ஜூன் 5இல் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஒத்துப்போவது எப்போதுமே ஏமாற்று அல்ல. எதன் வழியாக ஒத்துப்போகிறது என்று கேட்க வேண்டும். ஸ்மித் வழியாகவா, கரண்டி வழியாகவா.

ஜூன் 16, இரவு

கரண்டிக் கதையில் ஒன்றை மறைத்தேன். 'சந்தேகமே இல்லை என்று தோன்றியது' என்று பொதுவாக எழுதினேன். தோன்றியது எனக்கு. உப்புக் கரைசல் சுத்தம் என்று வந்தவுடன் அறிக்கையின் வரைவை எழுதியதும் நான்தான். ரத்தக் குப்பி அதே பெட்டியில் என் முன்னால்தான் இருந்தது. மூத்தவர் கேட்கும்வரை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று பல முறை யோசித்திருக்கிறேன். சோம்பல் இல்லை. இரண்டு ஜாடி ஒத்துப்போன பிறகு மூன்றாவதைத் திறக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

ஜூன் 21

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். 'இவ்வளவு பேசினீர்கள், உங்களை அந்தக் கரைக்கு அன்று அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?'

முதலில் ஒப்புமைகளை எழுதும் நோட்டை மூடிவைப்பேன். இருவருக்கும் இடையே என்ன வேறுபாடு என்று பார்ப்பேன். யார் தண்ணீருக்கு அருகில், யார் மேட்டில், யார் எத்தனை அடி நகர்ந்திருக்கிறார், வாந்தி யாருடையது, எங்கே. ஒருவரே நஞ்சு கொடுத்தார் என்றால் வேறுபாடுகள் ஒரு விதமாக இருக்கும், வாயு என்றால் தரையின் மேடு பள்ளத்தை ஒட்டி இருக்கும். மூடியவரைத் தேடுவேன், ஆனால் கொன்றவராக அல்ல, முதல் சாட்சியாக. கொன்றவன் என்று கத்திக்கொண்டு தேடினால் அவர் எப்படி வருவார்?

அப்புறம் பைகளில் இருக்கும் சில்லறையைக் கேட்பேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு படிந்தால் வெள்ளியும் செம்பும் கறுக்கும். கழிவுத் தொட்டி மரணங்களில் சட்டைப்பைக் காசு கறுத்திருந்ததைப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தசம நாணயம் வந்தது 1966இல். 1963இல் புழங்கிய புது ஷில்லிங்கில் பாதி வெள்ளி, பென்னி வெண்கலம். காசு அழுகாது, தானாக உள்ளேயிருந்து சல்ஃபைடும் உண்டாக்காது. இருவரின் காசையும் மட்டும் ஒரே உறையில் போட்டுவிடக் கூடாது.